பெரியப்பாவின் மௌனம் 64 கிலோபிட்

டெலிபோன்காரர்களைப் பொறுத்தவரை மனிதன் என்றால் வாய். கை, கால், கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம்தான்.

அந்த வாயிலிருந்து வருவதை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதிவைத்தால் 64,000 பிட். ஊரிலிருந்து பெரியம்மா மூச்சுவிடாமல் பேசினாலும் 64 கிலோபிட். இந்தப் பக்கம் பெரியப்பா வெறுமனே 'உம்' கொட்டினாலும் 64. உம் கூடக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தால்? அதற்கும் அதே 64! இதைவிடப் பெரிய சமத்துவத்தை எந்தக் கட்சியும் வாக்குறுதி தந்ததில்லை.

இந்த 64-ஐத்தான் அஸ்திவாரமாகப் போட்டு, சிசிஐடிடி என்ற உலக டெலிபோன் மகாசபை, 1984-ல் சிவப்பு அட்டைப் புத்தகங்களாக ஐஎஸ்டிஎன் சாஸ்திரத்தை வெளியிட்டது. 1988-ல் திருத்தி நீல அட்டை போட்டார்கள். 'இன்டெகிரேட்டட் சர்வீசஸ் டிஜிட்டல் நெட்வொர்க்' என்று முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சாதாரண மோடம் நம்பரைச் சுழற்றி முடித்திருக்கும். அமெரிக்கக் குசும்பர்கள் அதே நாலு எழுத்துக்கு வேறு விரிவு கண்டுபிடித்தார்கள்: 'இட் ஸ்டில் டஸ் நத்திங்!'

பாவம், அப்படியொன்றும் மோசமான சரக்கு இல்லை. வீட்டுக்கு இரண்டு பி சேனல், தலா 64. கூடவே 16 கிலோபிட்டில் ஒரு டி சேனல். ராஜா, ராணி, இருவருக்கும் ஓலை சுமக்க ஒரு சேவகன். புருஷன் ஒரு சேனலில் இன்டர்நெட் பார்க்க, மனைவி இன்னொன்றில் அம்மாவிடம் பேசலாம். குடும்ப சமாதானத்துக்கு இவ்வளவு உழைத்த கமிட்டி வேறில்லை.

ஆனால் புருஷனுக்கு ஒரு சேனல் போதவில்லை. 'ரெண்டையும் ஒட்டினால் 128 ஆச்சே?' என்று ஒரு யோசனை. ஒட்டும் பசைக்கு மல்டிலிங்க் பிபிபி என்று பெயர். பாக்கெட்டைத் துண்டுபோட்டு, வரிசை எண் குத்தி, இரண்டு வழியிலும் அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்துத் தைப்பார்கள். இதற்கான ஆவணம் ஆர்எஃப்சி 1990, வெளிவந்தது 1996-ல். சர்க்கார் ஃபைல் மாதிரி ஆறு வருஷம் தூங்கியதோ என்று நினைக்காதீர்கள், அது வெறும் வரிசை எண்.

ஐஎஸ்டிஎன்னை உலகிலேயே சீரியஸாக எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று ஜெர்மனி. இந்த ஒட்டு வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கனால்பூண்டலுங்'. கேட்டாலே 128 கிலோபிட் வேகம் தெரிகிறதல்லவா? மாசக் கடைசியில் இன்னொன்றும் தெரிந்தது. சேனல் இரண்டு என்றால் கால் இரண்டு. பில்லும் இரண்டு!

அமெரிக்கர்கள் வேறு ரகம். அங்கே அப்போது பல ஊர்களில் வீட்டு ஃபோனில் லோக்கலாக எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் கட்டணம் கிடையாது. டேட்டா என்றால் மட்டும் நிமிஷத்துக்கு இவ்வளவு. என்ன செய்வார்கள்? 'ஐயா, இது பேச்சுதான்' என்று கம்ப்யூட்டரை விட்டே பொய் சொல்லவைத்தார்கள். பேச்சு போகும் தடத்தில் எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த உபயோகத்துக்கு அவ்வப்போது ஒரு பிட்டைக் கிள்ளிக்கொள்ளும் என்பதால், 64-க்குப் பதில் 56-தான் தேறும். பொய்க்கு எட்டு கிலோபிட் கமிஷன்.

சரி, லைன் கிடைத்தாயிற்று. எந்த பாஷையில் பேசுவது? முதல் ஆள் ஸ்லிப். 1988-ல் ஜான் ராம்கி இதை எழுதிவைத்தபோது, தலைப்பிலேயே 'நான்-ஸ்டாண்டர்ட்' என்று போட்டுவிட்டார். பிழை திருத்தம் கிடையாது, முகவரி பேச்சு கிடையாது. பாக்கெட் முடிந்ததும் 192 என்ற எண்ணை அனுப்பும், அவ்வளவுதான். நெட்வொர்க் சரித்திரத்தில் இவ்வளவு நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை.

அடுத்து வந்த பிபிபியோ, பெண் பார்க்க வந்த கோஷ்டி. 'எங்களுக்கு இன்னின்ன வேணும்' என்று ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம் 'ஆக்' என்றால் சம்மதம். 'நாக்' என்றால் இவ்வளவு முடியாது, கொஞ்சம் குறைச்சுக்கோங்க. 'ரிஜெக்ட்' என்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. பிறகு பாஸ்வேர்ட் படலம். பேப் என்பவர் அதை நடுக்கூடத்தில் சத்தமாகச் சொல்வார். சேப் என்பவர் விடுகதை போட்டு, விடையை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வார். தட்டு மாற்றிய பிறகுதான் மெயில் வரும்.

இந்தக் கல்யாணத்துக்கு விண்டோஸ் 95 கூப்பிட்ட கூட்டத்தைப் பாருங்கள்: நெட்பியூஐ, ஐபிஎக்ஸ், டிசிபி/ஐபி. மூன்றுக்கும் தானாகவே டிக்! இன்டர்நெட்டுக்குத் தேவை கடைசி ஆள் மட்டும். 'மத்த ரெண்டு டிக்கையும் எடுத்துடுங்க' என்று கெஞ்சினாலும், 'இருந்துட்டுப் போகட்டுமே' என்று விட்டுவைத்தவர்கள் ஏராளம். பிபிபி ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேரம் பேசி, மூக்குடைபட்டுத் திரும்பியது.

பிராட்பேண்ட் வந்தது, ஐஎஸ்டிஎன் ஓரம் கட்டப்பட்டது. ஜப்பானில் என்டிடி 1988-ல் திறந்த கடையின் டேட்டா கவுன்டரை 2024 ஜனவரியில் மூட ஆரம்பித்தது. அன்று டேட்டா, பேச்சு மாதிரி வேஷம் கட்டியது. இன்று பெரியம்மாவின் பேச்சே டேட்டா பாக்கெட்டாகத்தான் வருகிறது.

பெரியப்பா? இப்போதும் பேசுவதில்லை. ஆனால் இன்றைய சாஃப்ட்வேர் மௌனத்தை அடையாளம் கண்டு, அந்த நேரத்தில் அநேகமாக எதையுமே அனுப்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷமாகப் பெரியம்மாவுக்கே பிடிபடாத மனுஷரை, கடைசியில் ஒரு சாஃப்ட்வேர் புரிந்துகொண்டது.