பிறக்காத ஃப்ரேசருக்குப் பூங்கொத்து

இன்வெர்னஸ்,
ஸ்காட்லாந்து.

அன்புள்ள சித்திக்கு,

சித்தப்பாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே மழை. கோடைகாலம் என்பதால் மழையோடு டூரிஸ்ட்டுகளும் கொட்டுகிறார்கள்.

இந்த ஊருக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டரில் கல்லோடன் போர்க்களம். 1746 ஏப்ரல் 16 அன்று, ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸுக்காக வாளேந்திய ஜேக்கபைட்டுகளில் சுமார் 1,500 பேர் ஒரு மணி நேரத்துக்குள் மாண்ட இடம். செத்தவர்களின் குலப்பெயரைச் செதுக்கிய கரட்டுப் பாறைகளை 1881இல் நட்டுவைத்தார்கள். மற்றக் குலங்களின் கற்களைச் சுற்றிப் புல் ஒழுங்காக வளர்கிறது. ஃப்ரேசர் குலக் கல்லுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. பூங்கொத்து வைக்கவும் கல்லோடு நின்று படமெடுக்கவும் வந்த கால்கள் மிதித்து மிதித்துத் தரை சேறாகிவிட, களத்தைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை கடைசியில் வேலி போட்டுவிட்டது.

அத்தனை பூவும் ஜேமி ஃப்ரேசர் என்பவருக்கு. அவர் இந்தப் போரில் சாகவில்லை. சாவதற்கு முதலில் பிறந்திருக்க வேண்டுமே! அவர் டயானா கேபல்டான் எழுதிய 'அவுட்லாண்டர்' நாவலின் கதாநாயகர்.

கேபல்டான் அமெரிக்காவில் அரிசோனாக்காரர். சூழலியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நாவல் எழுதிப் பழகிப் பார்ப்போம் என்று 1988இல் உட்கார்ந்தார். 'டாக்டர் ஹூ' என்ற டிவி தொடரின் பழைய எபிசோட் ஒன்றில் கில்ட் என்ற பாவாடை கட்டிய ஸ்காட்டிஷ் பையன் கண்ணில் பட, கதை நடக்கும் ஊர் முடிவாகிவிட்டது. ஸ்காட்லாந்துப் பக்கம் அதுவரை எட்டிக்கூடப் பார்க்காதவர், நூலகப் புத்தகங்களை வைத்தே ஒரு நாட்டை எழுப்பிவிட்டார். 1991இல் நாவல் வெளிவந்தது. கிளேர் என்ற நர்ஸ் 1945இல் கணவனோடு ஸ்காட்லாந்து வருகிறாள். ஒரு நெடுங்கல்லைத் தொட்டதும் 1743இல் போய் விழுகிறாள். அங்கே ஜேமியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அந்தப் பக்கம் ஒரு புருஷன், இந்தப் பக்கம் ஒரு புருஷன், நடுவே இருநூறு வருஷம். ராத்திரி இரண்டு மணிவரை விளக்கை அணைக்காமல் படிக்க இது போதாதா?

படித்தவர்கள் போடும் சண்டை தனிக் கதை. ஜேமி கிளேரை பெல்ட்டால் அடிக்கும் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவைத்து, மறுபடி தொடாதவர்கள் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆம்பளை வேறெப்படி இருப்பான் என்று அவனுக்கு வக்காலத்து வாங்கும் பெண்களும் உண்டு. (சித்தி எந்தக் கட்சி என்று ஊகிக்க முடிகிறது. கரண்டியைக் கீழே வையுங்கள்.) முதல் புருஷன் ஃபிராங்க் பாவம் என்பவர்கள் சிறு கூட்டம், விவாதங்களில் அவர்கள் குரல் எடுபடுவதில்லை.

சரித்திரம் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் தப்புப் பிடிக்கிறார்கள். நாவலில் 1743இல் கிளேரை சூனியக்காரி என்று விசாரிக்கிறார்கள். ஆனால் சூனியத்துக்கு மரண தண்டனை தரும் சட்டம் 1736இலேயே ஒழிந்துவிட்டது. கல்லோடனை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த சண்டை என்று நம்பி வருகிறவர்களிடம், அரசாங்கப் படையிலும் ஸ்காட்டியர்கள் இருந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லித்தான் பார்க்கிறார்கள்.

2014இல் டிவி தொடர் வந்ததும் கூட்டம் இன்னும் பெருத்தது. ஜேமியின் வீடாக வரும் மிட்ஹோப் கோட்டை உள்ளே இடிந்து கிடப்பதால், வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கின்லாக் ரானக் கிராமத்தருகே, கிளேர் தொட்ட மாயக் கற்களைத் தேடி மேடேறுகிறவர்களுக்குக் கிடைப்பது புல்லும் காற்றும். படப்பிடிப்புக்காகச் செய்துவைத்த போலிக் கற்களை வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிஜ ஃப்ரேசர் கதை இதைவிட வேடிக்கை. குலத்தலைவர் லவாட் பிரபு சைமன் ஃப்ரேசரை, ஜேக்கபைட்டுகளுக்குத் துணைபோனதற்காக 1747இல் லண்டனில் தலைவெட்டினார்கள். பிரிட்டனில் அப்படி வெட்டுப்பட்ட கடைசி ஆள் அவர். உடலை ரகசியமாக ஊருக்குக் கொண்டுவந்து இங்கே பக்கத்தில் அடக்கம் செய்ததாகக் குடும்பத்தார் நம்பினார்கள். தடயவியல் நிபுணர் சூ பிளாக் அந்தச் சவப்பெட்டியில் இருந்த எலும்புகளைச் சோதித்ததில், அவை ஓர் இளம்பெண்ணுடையவை என்று 2018இல் தெரியவந்தது. இல்லாத ஃப்ரேசருக்குக் கல்லும் பூவும் கிடைக்க, இருந்த ஃப்ரேசருக்குச் சொந்தப் பெட்டியில்கூட இடமில்லை.

உள்ளூர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. 1810இல் வால்டர் ஸ்காட் 'ஏரியின் சீமாட்டி' காவியத்தை எழுதியதும் லாக் கேத்ரின் ஏரிக்கு வண்டி வண்டியாக ஜனம் வந்ததைப் பார்த்த நாடு இது. எடின்பரோவின் பெரிய ரயில் நிலையத்துக்கு அவர் நாவலின் பெயரான வேவர்லியையே வைத்துவிட்டார்கள். ஜேமி பெயரில் இன்னும் ஸ்டேஷன் இல்லை. டீ கோப்பையும் சாவிக்கொத்தும் தாராளமாகக் கிடைக்கின்றன.

நீங்கள் கேட்டபடி முதல் பாகத்தை அனுப்புகிறேன். செங்கல் கனம், பார்சல் செலவு புத்தக விலையைத் தாண்டும்போல் இருக்கிறது. 2021இல் ஒன்பதாவது பாகம் வந்தாயிற்று, அம்மையார் பத்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார். சித்தப்பாவை இப்போதே ரசம் வைக்கப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்