பசுமைக் குடும்ப விருதுக்கு ஒரு பரிந்துரை

மாண்புமிகு விருதுக் குழுவினருக்கு வணக்கம்.

கார்பன் தடம் மிகக் குறைந்த குடும்பத்துக்கு இந்த ஆண்டு விருது கொடுக்கப் போகிறீர்கள் என்று எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கே விண்ணப்பித்துவிட்டார். பிளாஸ்டிக் பிரஷ்ஷை விட்டு மூங்கில் பிரஷ்ஷுக்கு மாறியவர். மூன்று ஏசி, இரண்டு கார், ஆண்டுக்கு ஒருமுறை மகளைப் பார்க்க லண்டன். லண்டன் விமானப் புகையைப் படிவத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். பன்னாட்டு விமானப் புகையை உலக நாடுகளே ஓரமாக எழுதி வைக்கின்றனவே தவிர, தங்கள் மொத்தக் கணக்கில் கூட்டுவதில்லையாம். உண்மைதான். நாடுகளே செய்வதை நாலாம் மாடிக்காரர் செய்தால் தப்பா?

ஆனாலும் நான் பரிந்துரைப்பது அவரை அல்ல. எண்ணூருக்கு வடக்கே, வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தை. எந்தக் குடும்பம் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு கதவைத் தட்டுங்கள்.

படிவத்தை அவர்கள் சார்பில் நானே நிரப்பிவிடுகிறேன். மின்சாரம்: ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு டிவி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற இலவசத்துக்குள் அடங்கும். (அதே 100 யூனிட் மூன்று ஏசிக்காரருக்கும் இலவசம். 2016 முதல் நடப்பில் உள்ள சமத்துவம்.) கார்: ஒதுங்கி வழிவிட்டதுண்டு. விமானம்: அண்ணாந்து பார்த்ததுண்டு. குளிர்சாதனம்: மார்கழி.

உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப் போயிருக்கிறது. அடுத்தவர் வீட்டுக் குளிருக்காக நீங்கள் வாங்கிக்கொண்ட சாம்பல் எவ்வளவு?

ஒன்றரை டன் ஏசி ஒரு ராத்திரி ஓடினால் பத்து யூனிட் என்று வையுங்கள். அதை நிலக்கரியில் எடுக்க ஏறக்குறைய ஏழு கிலோ கரி வேண்டும். பத்து கிலோ அளவுக்குக் கரியமில வாயு வானத்துக்குப் போகும், இரண்டு கிலோவுக்கு மேல் சாம்பல் தரையில் தங்கும். ஒடிசாவின் தால்சேரில் பூமியைக் குடைந்து, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி எரிக்கிறோம், நம் கம்பளிக்குள் ஊட்டி வரவேண்டும் என்பதற்காக. கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ஊர் பேர் கிடையாது. எந்த யூனிட் யார் வீட்டில் எரிந்தது என்று எவரும் நிரூபிக்க முடியாது. சாம்பலுக்கு ஊர் உண்டு. கூழாகக் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஓட்டையாகிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்தவர்களின் விரலிடுக்கில் இப்போது சாம்பல்.

இதை நானும் ஏசிக்குக் கீழே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அதனால் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.

உலக மாநாடுகளில் நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள்: இந்தியனுக்குத் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுதான், அமெரிக்கனுக்கு 14 டன். நூற்றுக்கு நூறு நியாயம். திருப்பூரில் தைத்து ஜெர்மனியில் உடுத்தும் பனியனின் புகைகூட நம் பற்றில்தான் ஏறுகிறது. கோபம் வரத்தான் வேண்டும். அந்தக் கோபம் ஊர் திரும்பி மீனம்பாக்கத்தில் இறங்கியதும் எங்கே போய்த் தொலைகிறது? பெசன்ட் நகருக்கும் செப்பாக்கத்துக்கும் நடுவே அதே கேள்வியை வைத்தால் ஏன் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொள்கிறது?

ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறீர்கள் என்று 2007-லேயே கிரீன்பீஸ் இந்தியா ஓர் அறிக்கையில் சொன்னது. வீட்டுப் பயன்பாட்டையும் பயணத்தையும் மட்டும் கூட்டிய அந்தக் கணக்கில், மாத வருமானம் 30,000 ரூபாயைத் தாண்டியவர் ஆண்டுக்கு 1,494 கிலோ புகை. 3,000 ரூபாய்க்குக் கீழே இருப்பவர் 335 கிலோ. இந்த 335 கிலோக்காரர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால்தான் நம் சராசரி இவ்வளவு சமர்த்தாக இருக்கிறது. அவர்கள் வாங்காத ஃபிரிட்ஜும் போகாத ஊரும் கட்டாத வீடும் நம் லண்டன் டிக்கெட்டுக்கு ஜாமீன். ஜாமீன் கொடுத்தவன் வீட்டு வாசலிலேயே குப்பையையும் கொட்டுகிறோம். கேட்டால் ‘வளர்ச்சி’ என்கிறோம். யாருடையது?

‘கார்பன் தடம்’ என்ற இந்தக் கணக்கை வீடு வீடாகப் பரப்பியதில் பெரும்பங்கு பிபி எண்ணெய் நிறுவனத்துக்கு. 2004-ல் கணிப்பான் ஒன்றை வெளியிட்டு, உங்கள் தடம் எவ்வளவு என்று ஊரைக் கேட்டது. சாராயக் கடைக்காரர் குடிகாரன் வீட்டில் போய்ப் புத்திமதி சொன்ன மாதிரி. அந்தப் புத்திமதிதான் சுற்றிச் சுற்றி எங்கள் லிஃப்டுக்கு வந்திருக்கிறது.

விழா ஏற்பாடு பற்றிச் சில விண்ணப்பங்கள். பரிசாக மரக்கன்று வேண்டாம். நட்டு வைக்க அவர்களிடம் இருப்பது என்ன மண் என்று முதலில் போய்ப் பாருங்கள். பாராட்டுரையில் ‘எளிமை’ என்ற சொல் வேண்டாம். அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பொன்னாடையைக் கடைசிவரை வைத்திருக்காமல் வந்ததும் போர்த்திவிடுங்கள், உங்கள் அரங்கத்தின் 18 டிகிரி அவர்களுக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் நீளமான பொன்னாடையாகவே வாங்குங்கள். காற்றடி காலத்தில் சாம்பல் உள்ளே வராமல் கதவிடுக்கில் திணித்துக்கொள்ள உதவும்.