நூலறிவு

கே: எங்களுக்கு ஐஸ் கச்சாங்தான் பனி. வடதுருவப் பனியில் வாழும் இனுவிட் பெண்களின் தையலைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? (வாசகர், செனாவாங், நெகிரி செம்பிலான்)

ப: ஆயாக்கொட்டகையில் சேலைத் தூளி ஆடிய தோட்டங்கள் இருந்த ஊர்க்காரரா இப்படிக் கேட்பது? பால்மரம் வெட்டப் போன அம்மா பிள்ளையைச் சேலையில் போட்டுவிட்டுப் போனாள். இனுவிட் தாயோ முதுகில் பை வைத்த ‘அமௌட்டி’ அங்கியைத் தைத்து, பிள்ளையை அதிலேயே சுமந்துகொண்டு வேலை பார்க்கிறாள்.

சீல் தோல் காலணியை அவர்கள் தைப்பதைப் பாருங்கள். ஊசி தோலின் பாதிக் கனம்வரை இறங்கித் திரும்பிவிடும். துளை மறுபக்கம் போகாது. தசைநார் நூல் நனைந்தால் உப்பி, இருக்கிற துளையையும் அடைத்துக்கொள்ளும். அந்தக் குளிரில் கால் நனையாமல் இருப்பது உயிர்ப் பிரச்சினை ஐயா!

கே: நம் பக்கத்தில் அப்படி யாரும் இல்லையா?

ப: ஏன் இல்லை? நீலகிரியில் தோடர் பெண்கள் இருக்கிறார்களே! வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடுகூடப் போடாமல் இழையை எண்ணியே பூப்போடுகிறார்கள். நாம் பின்பக்கம் என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முகப்பு! 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இயந்திரத்தில் அடித்த போலியை அவர்கள் பெயரில் விற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.