ரேம் கொண்டேகு படலம்: உறை பற்றிய ஓர் ஆய்வு

கணினியின் நினைவகப் பலகையாகிய ரேமைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கித் தாம்பரத்து வீடு வரை பழுதின்றிக் கொண்டுசேர்ப்பது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். மண்பானையையும் முட்டையையும் கண்ணாடி வளையலையும் நெரிசலான பேருந்தில் உடையாமல் கொண்டுசெல்லும் கலையில் தமிழர் தேர்ந்தவரே எனினும், அக்கலை ரேமுக்குச் சிறிதும் உதவாது. என்னை எனின், பானை தட்டினால் உடையும், உடைந்தது கண்ணுக்குத் தெரியும். ரேமோ தட்டாமலே கெடும், கெட்டதும் தெரியாது. அதைக் கெடுப்பது நிலைமின்சாரம்.

இரு பொருள்கள் உரசிப் பிரிகையில் ஒன்றன் எலக்ட்ரான்கள் மற்றொன்றுக்குத் தாவ, ஓட வழியின்றி அங்கேயே தங்கிவிடும் மின்னேற்றம் நிலைமின்சாரம் எனப்படும்; தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது இதனாலேயே. இது பாயும்போது விரலில் சுருக்கென உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சில்லுகள் கெடுவதற்கோ 100 வோல்ட்டே மிகை. ஆதலின் "ஷாக் எதுவும் அடிக்கவில்லையே" என்னும் வாங்கினவர் வாக்குமூலம் சான்றாகாது. அடிபட்ட சில்லு உடனே சாகாமல், ஊமைக்காயத்தோடு சில மாதம் உழைத்துப் பின்னர் காலை வாருவதும் உண்டு.

சென்னைப் புழுக்கத்தில் நிலைமின்சாரம் ஏது என மறுப்பாரும் உளர். அவர் கூற்று பாதி மெய். வறண்ட காற்றில் கம்பளத்தின்மேல் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும் என்றும், ஈரக்காற்றில் அது 1,500 அளவில் நின்றுவிடும் என்றும் இத்துறையினர் காட்டுவர். இதன்படி, ஈரப்புடவையோடு மடியாகச் சமைத்த அந்தக் காலத்துப் பாட்டிமாரே மதர்போர்டைத் தொட முதற்தகுதி உடையவர், பலகையில் நீர் சொட்டாத வரை. ஆயினும் 1,500 என்பது 100-ஐப் போல் பதினைந்து மடங்கு என்பதையும், ரேமை மாட்டும் அறையில் ஏசி ஓடிக் காற்றை உலர்த்துகிறது என்பதையும் மறுப்பார் மறந்தனர்.

இனி உறை. பாலிஸ்டர் சட்டைப்பை, பாலித்தீன் கேரிபேக், தெர்மாகோல் ஆகிய மூன்றும் பொருளைக் காப்பனபோல் தோன்றி, உரசி உரசி மின்னேற்றத்தைத் தாமே விளைவிப்பன. ஆதலின் இவற்றை வேலியே பயிரை மேயும் வகையில் அடக்கலாம். பருத்தியாலாகிய மஞ்சப்பை அவ்வளவு தீங்கு செய்யாது. ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கவும் தெரியாத அப்பாவி. இளஞ்சிவப்பு உறை தான் மின்னேற்றம் கொள்ளாத நல்லொழுக்கம் உடையது. பிறர் செய்யும் தீங்கைத் தடுக்கும் வலிமை அதற்கும் இல்லை. இரண்டும் ஒருங்கே அமைந்தது, மெல்லிய உலோகப்படலம் பொதிந்த சாம்பல்நிற வெள்ளி உறை ஒன்றே. வெளியே பாயும் மின்சாரம் அப்படலத்தின்மேலேயே பரவி, உள்ளிருக்கும் பொருளை அணுகாமல் போகும். மைக்கேல் ஃபாரடே 1836-இல் உலோகக் கூண்டு கொண்டு மெய்ப்பித்தது இதனையே. இத்தகைய உறையைக் கடையிலேயே கிழித்தெறிந்துவிட்டு ரேமைச் செய்தித்தாளில் மடித்து வாங்குவோரும், உறையைப் பத்திரப்படுத்தி அதில் ரேஷன் கார்டை வைப்போரும் இருக்கிறார்கள். ரேஷன் கார்டுக்கு மின்னலால் இனி அச்சமில்லை.

கையாளும் முறை சுருக்கமானது. கேபினட்டின் வெற்று உலோகத்தை முதலில் தொட்டுவிட்டு, பலகையை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். டிடிஆர்4 ரேமின் 288 பொன்முலாம் முனைகளில் விரல் படலாகாது. உடலின் மின்னேற்றத்தை நிலத்துக்கு மெல்ல வடிக்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டுவது இன்னும் மேல்; அதிலுள்ள பத்து லட்சம் ஓம் மின்தடை, தவறி மின்கம்பி பட்டாலும் கட்டியவர் உயிரைக் காக்கவே வைக்கப்பட்டது.

இத்தனை விதிகளையும் வழுவாது காத்தபின், கடைக்காரர் அன்போடு செய்யும் ஒரு செயலால் யாவும் கெடும். அவர் பில்லை நான்காய் மடித்து, வெள்ளி உறையின்மேல் வைத்து, ஸ்டேப்ளரால் ஒரு குத்துக் குத்துவார். ஸ்டேப்ளர் பின் துளைத்த இடத்தில் உலோகப்படலம் ஓட்டை. ஆகவே வாங்குவோர் பில்லைத் தனியே கேட்டு வாங்கி, பாலிஸ்டர் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. அதற்கு அந்தப் பை போதும்.