கடைசி பெஞ்ச் காலி!

கே: பள்ளிகளில் 'ப' வடிவில் பெஞ்ச் போட்டால் 'மாப்பிள்ளை பெஞ்ச்' ஒழிந்துவிடுமா?

ப: பெஞ்ச் ஒழியும், மாப்பிள்ளைகள் ஒழிய மாட்டார்கள்! 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளப் பள்ளிகள் சில இதை ஆரம்பித்தன. 2025 ஜூலையில் நம் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையும் அதைக் கையில் எடுத்தது. எல்லாப் பிள்ளைகளின் முகமும் டீச்சருக்குத் தெரியும், நல்லதுதான். ஆனால் ஐம்பது பேர் நெருக்கியடிக்கும் வகுப்பில் 'ப' போட்டால் டீச்சர் நிற்க இடமிருக்காது. ஓரத்துப் பிள்ளை நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக் கரும்பலகையைப் பார்த்தால், ராத்திரி வீட்டில் தைல பாட்டிலைத் தேட வேண்டியதுதான். பெஞ்சைத் திருப்புவது இருக்கட்டும், எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையோடு பத்து நிமிஷம் தனியாக உட்கார டீச்சருக்கு முதலில் நேரம் கொடுங்கள். 'எமிஸ்' எனும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், கணக்கெடுப்பு என்று அவர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தால், பெஞ்சை 'ஃ' வடிவில் போட்டாலும் பலன் பூஜ்யம்தான்.