வத்திப்பெட்டிக்குள் ஒரு ஜமா

எங்கள் விம்கோ நகருக்குச் சாமி பேரும் கிடையாது, ராஜா பேரும் கிடையாது. 1923-ல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. வத்திப்பெட்டிக் கம்பெனி பேரில் நகர், ரயில் நிலையம், 2021 முதல் மெட்ரோவும் உண்டு. ஆகவே புள்ளியியல் இயக்கவியலின் சரித்திரத்தைச் சொல்ல எங்களை விட்டால் ஆள் ஏது?

ஆஸ்திரியாவில் போல்ட்ஸ்மன் என்றொரு தாடிக்காரர். அணு இருக்கிறது என்று அவர் சொல்ல, "நீர் பார்த்தீரா?" என்று மடக்கினாராம் அணுவை நம்பாத இயற்பியலாளர் மாக். சரி, ஒரு வாயுவில் இருக்கும் அத்தனை அணுவையும் எவன் பின்தொடர்வது? ஒரே வாயுவுக்கு ஏராளமான நகல்களைக் கற்பனை செய்து சராசரி எடுத்தால் போச்சு என்றார் போல்ட்ஸ்மன். நகல் கூட்டங்களுக்கு 1884-ல் பெயரும் வைத்தார்: எர்கோடு, ஹோலோடு. ஈரோட்டுக்கு அடுத்த ஸ்டாப்பிங் என்று நினைத்தார்களோ என்னவோ, ஹோலோட்டில் யாரும் இறங்கவில்லை.

பெயரை மாற்றியவர் அமெரிக்காவின் கிப்ஸ். 1871-ல் யேலில் பேராசிரியர் ஆனார். ஒன்பது வருஷம் சம்பளமே இல்லை. வேறொரு பல்கலைக்கழகம் 3,000 டாலர் தருகிறேன் என்றது. யேல் 2,000 என்றது. மனுஷன் யேலிலேயே உட்கார்ந்துவிட்டார். காசிமேட்டில் அரைக் கிலோ நெத்திலிகூட பேரம் பேசி வாங்கியிருக்க மாட்டார்.

1902-ல் வந்த அவர் புத்தகத்தில் நகல் கூட்டத்துக்குப் பெயர் ஆன்சாம்பிள், நம்ம பாஷையில் ஜமா. மொத்தம் மூன்று ஜமா. தெருக்கூத்து ஜமா மாதிரிதான்: ஒரே கதை, ஆளுக்கொரு வேஷம்.

முதலாவது, கஞ்சனின் வத்திப்பெட்டி. டிரங்குக்குள் பூட்டியது. சூடும் போகாது, குச்சியும் போகாது. இது மைக்ரோகேனானிக்கல்.

இரண்டாவது, மே மாசச் சட்டைப்பையில் இருக்கும் பெட்டி. சூடு போகும், வரும். குச்சி அப்படியே இருக்கும். இது கேனானிக்கல்.

மூன்றாவது, டீக்கடைப் பெட்டி. "அண்ணே, ஒரு குச்சி!" சூடும் நிலையில்லை, குச்சியும் நிலையில்லை. இது கிராண்ட் கேனானிக்கல்.

இந்த மூன்றாவதில் குச்சியைக் கறாராகச் சொல்ல முடியாது, சராசரியைத்தான் சொல்லலாம். குச்சிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போய்வந்தால், சராசரி 50 உள்ள பெட்டியில் ஏழு குச்சி முன்னே பின்னே இருக்கும். 50-க்கு வர்க்கமூலம் அவ்வளவுதான். ஏழு போனால் சண்டை வரும். ஆனால் ஒரு டம்ளர் காற்றில் மூலக்கூறுகள் சுமார் ஐந்து கோடி கோடி கோடி. அங்கே ஏற்ற இறக்கம் சுமார் ஏழாயிரம் கோடியில் ஒரு பங்கு. எந்த ஜமாவைக் கூப்பிட்டாலும் ஒரே விடை. கூட்டம் பெருகினால் சராசரியே சட்டம்.

வத்திப்பெட்டி மேல் 'சராசரி 50 குச்சிகள்' என்று போட்டிருப்பதும் அதே நேர்மைதான். 46 இருந்தால் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். இன்னும் நூறு பெட்டி வாங்கி எண்ணுங்கள்.