பின் சீட்டில் சிப்பிப்பாறை

கேள்வி: விடுமுறைக்கு நானும் மனைவியும் காரில் ஏற்காடு போகிறோம். எங்கள் சிப்பிப்பாறை நாயையும் கூட்டிப் போகலாமா?
- வாசகர், தேனாம்பேட்டை

பதில்: தாராளமாக! ஆனால் முன் சீட் கேட்டு அது எவ்வளவு கெஞ்சினாலும் மசியாதீர்கள். ஏர்பேக் விரிந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. பின் சீட்டில், மார்புப் பட்டையை சீட் பெல்ட்டோடு கோத்துவிடுங்கள்.

விடியும் முன் கிளம்பினால் தாம்பரம் நெரிசலிலிருந்து தப்பலாம், வெயிலும் ஏறியிருக்காது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயிலில் நிற்கும் மூடிய கார் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி சூடேறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதெல்லாம் போதாது. ஆகவே ஒருவர் டீ குடிக்கும்போது மற்றவர் நாயோடு நிழலில் நிற்கட்டும். இதில் மட்டும் நான் ரொம்பக் கறார்!

சேலத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். நாயின் சாப்பாட்டை மலை ஏறுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அது உங்கள் சீட்டுக்கே திரும்பி வரும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் கையில் இருக்கட்டும்.

முக்கியமாக, சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கென்றே வளர்ந்த இனம். எதையாவது பார்த்துவிட்டால் பிடிக்க முடியாது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அப்புறம் கதவைத் திறங்கள்.